கரடியும் கைத்துப்பாக்கியும்

அமெரிக்காவின் தேசீயப் பூங்காக்கள் என்னும் பெருவனங்களுக்குள், அந்தந்த ராஜ்யத்தின் சட்டத்துக்கு உட்பட்டுத் துப்பாக்கி கொண்டுபோகலாமென்று 2010-ம் வருஷம் பிப்ரவரியில் அனுமதி ஏற்பட்டது. கரடிகள் உலவும் காட்டில் எந்தத் தோட்டா உயிரைக் காக்கும் என்ற கேள்வி, அங்கே செல்வோர் யாவருக்கும் உரியதாயிற்று.

மனிதரிடமிருந்து தற்காப்புக்கென்று விற்கப்படும் தோட்டாவே போதுமென்று பலர் எண்ணுகின்றனர். இது பெரும் பிழையாகும். முனையில் குழியுள்ள அந்தக் குண்டு சதையில் புகுந்ததும் மலர்ந்து விரியும். அதனால் அதிக ஆழம் செல்லாது. உடலைத் துளைத்து அப்பாலுள்ளவர் மீது பாயாதிருப்பதால் பட்டணத்தில் அது குணமே. ஆனால் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட அலாஸ்காப் பழுப்புக் கரடியின் கொழுப்பையும் தசையையும் எலும்பையும் கடக்க வேண்டுமானால், அக்குணமே குற்றமாகிவிடுகிறது. மூளையையோ முதுகுத்தண்டையோ எட்டாத குண்டு கரடியை உடனே நிறுத்தாது. ஆகவேதான் அனுபவஸ்தர்கள், விரியாத, தட்டைமுனையுள்ள, கடினமான ஈயக்குண்டையே நாடுகின்றனர்.

இதனால், பெரிய துப்பாக்கியே சிறந்ததென்று முடிவு கட்டிவிடலாகாது. 1955-ல் வெளிவந்த 44 மாக்னம் வலிமை மிக்கதே. ஆயினும் அதன் உதைப்புக்கு அஞ்சி நடுங்கும் கையில் அதனால் என்ன பயன்? மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் பாயும் கரடி, ஒரு விநாடியில் ஏறக்குறையப் பதினான்கு மீட்டரைக் கடக்கும். முதல் குண்டு தவறினால் மறு குண்டுக்கு அவகாசம் அரிது. தன் கைக்கு அடங்கும் துப்பாக்கியில், தான் சுட்டுப் பழகிய தோட்டாவையே ஒருவன் எடுத்துச் செல்லவேண்டும்.

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியான கட்டுரை, கைத்துப்பாக்கி நூற்றுக்கு 84 தடவை பலித்ததென்று கூறுகிறது. ஆயினும் ஆயுதம் வைத்திருந்தோரில் சுட்டவர்களும் சுடாதவர்களும் ஒரே அளவிலேயே காயமடைந்தனர் என்பதையும் அதுவே கூறுகிறது. மிளகாய்க் காரத்தைப் பீச்சும் டப்பியோ, பழுப்புக் கரடிகளிடம் நூற்றுக்கு 92 தடவை பலித்ததாக 2008-ம் வருஷத்து ஆராய்ச்சி காட்டிற்று. இவ்விரண்டும் வெவ்வேறு கணக்குகள். ஒரே தராசில் நிறுத்தல் தகாது. எனினும் குண்டு ஒன்றே கதியென்று நம்புவோர் இவற்றைச் சிந்திப்பது நலம்.

உணவை மணம் பரவாது காத்தல், குரல் கொடுத்து நடத்தல், குட்டியுள்ள இடத்தை விட்டு விலகுதல் ஆகிய இம்மூன்றுமே முதற்காப்பு. தோட்டா கடைசிக் காப்பு. கடைசியில் வேண்டியதை முதலிலேயே நம்பிக் காட்டுக்குள் நுழைபவன், கரடிக்கும் தனக்கும் ஒருங்கே தீங்கு தேடிக்கொள்கிறான்.