பீச்சாங்கைக்காரர்களுக்கு எந்த பிஸ்டல் சரி? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

திருநின்றவூரில் மின்சார ரயில் பிடித்து, வார இறுதியில் சென்னைக்கு பிஸ்டல் பயிற்சிக்குப் போகும் ஓர் ஐடி ஊழியரை எடுத்துக்கொள்வோம். சாப்பாட்டைத் தவிர அவருக்கு எல்லாமே பீச்சாங்கைதான். முதல் நாள் ரேஞ்சில் கொடுக்கப்படும் ஏர் பிஸ்டலின் மரப்பிடி, வலது உள்ளங்கைக்கென்றே செதுக்கப்பட்டது. இடது கையில் எடுத்தால் கட்டைவிரல் வைக்கவே இடமில்லை. "பரவால்ல, சோத்தாங்கையிலயே பழகிக்கோங்க" என்கிறார்கள். அதைக் கேட்பதா, இடது கைக்கேற்ற துப்பாக்கியைத் தேடுவதா?

2021-ல் தமிழ்நாடு மாநில துப்பாக்கிச் சுடுதல் போட்டியில் நடிகர் அஜித்குமார் ஆறு பதக்கங்கள் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிஸ்டல் பிரிவில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றார். இதையெல்லாம் பார்த்து இந்த விளையாட்டுக்கு வருபவர்களில் இடது கைக்காரர்களும் உண்டு. உலகில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். துப்பாக்கிகளோ பெரும்பாலும் மற்ற ஒன்பது பேரை மனதில் வைத்தே செய்யப்பட்டவை.

துப்பாக்கியில் இடது, வலது எங்கே வருகிறது?

விசை நடுவில்தான் இருக்கிறது. அதை எந்தக் கை விரலும் இழுக்கும். சிக்கல் மற்ற பாகங்களில். வலது கையில் பிஸ்டலைப் பிடித்தால் கட்டைவிரல் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் வந்து உட்காரும். அதனால் சேஃப்டி, மேகசினைக் கழற்றும் பொத்தான், ஸ்லைடை நிறுத்தும் லீவர் மூன்றையும் பழைய வடிவமைப்புகளில் இடப்பக்கமே வைத்தார்கள். சுட்டபின் காலித் தோட்டா உறை வலப்பக்கம் தெறிக்கும்.

நம் ராணுவமும் போலீஸும் நெடுங்காலம் பயன்படுத்திவரும் 9 எம்எம் '1ஏ' பிஸ்டல் இதற்கு நல்ல உதாரணம். மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ஆலையில் தயாரானது. 1935-ம் ஆண்டின் பிரவுனிங் ஹை-பவர் வடிவமைப்பைப் பின்பற்றியது. மூன்று கட்டுப்பாடுகளும் இடப்பக்கத்தில்தான்.

இடது கைக்காரர் இதைப் பிடித்தால் கட்டைவிரல் வலப்பக்கம் போய்விடும். அங்கே அழுத்த எதுவும் இல்லை. ஒன்று ஆட்காட்டி விரலை வளைத்து எட்ட வேண்டும், அல்லது பிடியைத் தளர்த்தித் துப்பாக்கியைத் திருப்ப வேண்டும். இதில் வசதிக் குறைவைவிட ஆபத்து பெரிது. குழல்வாய் எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும் என்பதுதான் ரேஞ்சின் முதல் விதி. பொத்தானைத் தேடிப் பிடியை மாற்றும் அந்த ஒரு நொடியில் குழல்வாய் பக்கத்தில் நிற்பவர் பக்கம் திரும்பிவிடலாம்.

புதிய மாடல்களில் மாற்றம் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2010-ல் வந்த நான்காம் தலைமுறை கிளாக்கில் மேகசின் பொத்தானைக் கழற்றி மறுபக்கம் மாட்டலாம். 2017-ல் வந்த ஐந்தாம் தலைமுறையில் ஸ்லைடு லீவர் இரு பக்கமும் இருக்கிறது. அதே 2017-ல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த எம்17 பிஸ்டலில் சேஃப்டி இரு பக்கமும் உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். 'இரு பக்கமும் உள்ளது' வேறு, 'பக்கம் மாற்றிப் பொருத்தலாம்' வேறு. முதல் வகையை யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்துச் சுடலாம். இரண்டாவது வகை ஒரு நேரத்தில் ஒரு கைக்குத்தான் உதவும். பலர் பகிர்ந்துகொள்ளும் துப்பாக்கிக்கு அது சரிவராது.

இவற்றை இங்கே வாங்க முடியுமா?

யூடியூப் விமர்சனங்கள் சொல்லாமல் விடும் விஷயம் இது. 9 எம்எம், இந்தியாவில் சாதாரணக் குடிமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். தற்காப்புக்காக உரிமம் பெறுபவர்களுக்கு நடைமுறையில் கிடைப்பது பெரும்பாலும் .32 ரக ரிவால்வர் அல்லது பிஸ்டல். அந்த உரிமத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அல்லது காவல் ஆணையரிடம் விண்ணப்பித்து, காரணம் காட்டி, போலீஸ் விசாரணையைக் கடந்தாக வேண்டும்.

ரிவால்வரில் சேஃப்டி, மேகசின் தொல்லை இல்லை, உறையும் தெறிக்காது. அதனால் இடது கைக்கு அது எளிது என்று சொல்வதுண்டு. பாதிதான் உண்மை. 2023-ல் கான்பூரில் இருந்து வந்த 'பிரபல்' போல, உருளை பக்கவாட்டில் திறக்கும் ரிவால்வர்களில் அது பொதுவாக இடப்பக்கமே திறக்கும். சுடுவதில் சிரமமில்லை. தோட்டா நிரப்பும்போது இடது கைக்காரர் கை மாற்ற வேண்டியிருக்கும்.

விளையாட்டுக்காக வருபவருக்கு இந்தச் சுற்று தேவையில்லை. 2016 ஆயுத விதிகளின்படி, 0.177 அங்குலக் குழலும் 20 ஜூலுக்கு மிகாத வேகத் திறனும் கொண்ட ஏர் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாம். அடையாளச் சான்று கொடுத்து வாங்கலாம். ஒலிம்பிக்கின் 10 மீட்டர் பிரிவில் சுடுவதும் இந்த ரகத்தில்தான்.

ஏர் பிஸ்டலில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் பிடி. 10 மீட்டர் போட்டியில் ஒரே கையால்தான் சுட வேண்டும். துப்பாக்கி ஒன்றரை கிலோ வரை இருக்கலாம். அத்தனை எடையும் ஒரு மணிக்கட்டில் இறங்குவதால், பிடியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் முக்கியம். ஸ்டெயர், மோரினி, வால்தர், பார்தினி போன்ற நிறுவனங்கள் இடது கைப் பிடியைத் தனி அளவுகளில் தருகின்றன. பெரும்பாலான மாடல்களில் ஸ்க்ரூவைக் கழற்றிப் பிடியை மட்டும் மாற்றலாம். செகண்ட் ஹேண்டில் வலது பிடியுள்ள பிஸ்டல் மலிவாகக் கிடைத்தால், இடது பிடியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அடுத்தது லோடிங் லீவர். இடது கைக்காரர் துப்பாக்கியைப் பிடித்தபடி வலது கையால் அதைத் திறந்து குண்டு போடுவார். 60 குண்டுக்கு 75 நிமிடம். ஒவ்வொரு முறையும் இந்த அசைவு உண்டு. டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கரின் பிஸ்டலில் லீவர் உடைந்து நேரம் வீணானது. இறுதிச் சுற்று கைநழுவியது. எனவே கடையில் பிஸ்டலைக் கையில் வாங்கி, பிடியைத் தளர்த்தாமல் பத்து முறை லீவரைத் திறந்து மூடிப் பாருங்கள். விசையின் நாக்கை இடது விரலுக்கேற்பத் திருப்ப முடிகிறதா என்றும் கேளுங்கள்.

பின்னாளில் 25 மீட்டர் .22 பிஸ்டலுக்கு மாறினால், வலப்பக்கம் தெறிக்கும் உறை இடது கைக்காரரின் உடலுக்கு முன்னால் வரும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கையா, கண்ணா?

பணம் கட்டும் முன் ஒரு சின்ன சோதனை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களால் சிறு முக்கோணம் அமைத்து, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் நகராமல் இருக்கிறதோ, அதுவே உங்கள் ஆதிக்கக் கண். இடது கை, வலது கண் என்ற சேர்க்கையும் சகஜம்தான். பிஸ்டலில் தலையைச் சற்றுத் திருப்பியோ, ஒரு கண்ணை மறைக்கும் சிறு தகட்டை மாட்டியோ சமாளிக்கலாம். அதற்காகக் கையை மாற்ற அவசரப்பட வேண்டாம்.

வலது கைக்கே மாறிவிட்டால் என்ன?

கை மாற்றிச் சாதித்தவர் உண்டு. ஹங்கேரி ராணுவ வீரர் காரோய் தகாச், 1938-ல் கையெறி குண்டு வெடித்து வலது கையில் படுகாயம் அடைந்தார். இடது கையால் பழகி 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். ஆனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. திருநின்றவூர் இளைஞருக்கு ஒரு மரப்பிடிதான் இல்லை.

எழுதும் கையை அடித்து மாற்றிய காலம் நம் வீடுகளில் மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. ரேஞ்சிலும் அது போக வேண்டும். பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் "லெஃப்ட் ஹேண்ட் கிரிப் இருக்கா?" என்று கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் பீச்சாங்கைக்காரருக்கும் அது உதவும்.