பக்கிங்ஹாம் ஓட்டர்கள் செய்த குற்றமென்ன?

இங்கிலாந்து பார்லிமெண்டைப் "பார்லிமெண்டுகளுக்கெல்லாம் தாய்" என்று புகழாத மேடை நம் நாட்டில் கிடையாது. அந்தத் தாய் வீட்டு வேடிக்கை ஒன்றைக் கேளுங்கள். காமன்ஸ் சபையின் சபாநாயகர் பொதுத் தேர்தலில் மறுபடி நின்றால், பெரிய கட்சிகள் அவருக்கு விரோதமாய் அபேட்சகரை நிறுத்தாமல் விட்டுவிடுவது அங்கே வழக்கம். சட்டமல்ல, வெறும் வழக்கம்தான். ஓட்டுச் சீட்டிலும் அவர் பேருக்கு நேரே கட்சியின் பேர் இராது. "மறு தேர்தலை நாடும் சபாநாயகர்" என்றிருக்கும்.

இப்படியே பக்கிங்ஹாம் தொகுதியில் ஜான் பெர்கோ 2010, 2015, 2017 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கன்சர்வேட்டிவ், லேபர், லிபரல் டெமாக்ரட் ஆகிய கட்சிகளின் எதிர்ப்பில்லாமல் ஜெயித்தார். உடனே, ஆஹா என்ன செல்வாக்கு என்று எண்ணிவிடாதீர்கள். 2010-ல் சுயேச்சைகளும் சிறு கட்சியாரும் மாத்திரமே எதிர்த்தும் அவருக்குக் கிடைத்தது 22,860 ஓட்டு, அதாவது 100-க்கு 47 தான்!

சபாநாயகர் நடுநிலைமை வகிக்க வேண்டும், ஆகையால் கட்சிச் சண்டையில் அவரை இழுக்கலாகாது என்கிறார்கள். வாஸ்தவந்தான். ஆனால் அவர் விவாதத்தில் பேசுவதில்லை. இரு பக்கமும் சமமாய் நின்றாலொழிய ஓட்டுப் போடுவதுமில்லை. ஊராரின் குறைகளை மந்திரிகளுக்கு எழுதலாம், அவ்வளவுதான். ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவது பற்றி நாடே இரண்டுபட்டு நின்ற காலத்தில், 1993-க்குப் பிறகு முதல் தடவையாக 2019 ஏப்ரல் 3-ந் தேதி 310-க்கு 310 என்று ஓட்டுகள் சமமாயின. அன்று பெர்கோ ஓட்டுப் போட்டார். யார் விருப்பப்படி? பக்கிங்ஹாம் ஜனங்களின் விருப்பப்படி அல்ல. பழைய சபாநாயகர்கள் வைத்துவிட்டுப் போன முறைப்படி "இல்லை" பக்கம் போட்டார்!

நடுநிலைமையின் லாபம் நாடு முழுமைக்கும், அதன் செலவு மட்டும் ஓர் ஊராருக்கா? அயர்லாந்திலும் சபாநாயகர் போட்டியின்றியே வருகிறார். ஆனால் அங்கே ஒரு தொகுதிக்கு மூன்று முதல் ஐந்து அங்கத்தினர்கள் உண்டாதலால், மிச்ச ஸ்தானங்களுக்கு ஊரார் ஓட்டுப் போட்டுக்கொள்ளுகிறார்கள். இங்கிலாந்திலும் சபாநாயகருக்கென்று ஊரில்லாத ஒரு தனி ஸ்தானம் வைக்கலாமா என்று 1939-ல் லாயிட் ஜார்ஜ் தலைமையில் ஒரு கமிட்டி யோசித்தது. யோசித்து, வேண்டாமென்று முடிவு செய்தது!

2019-ல் பெர்கோ விலகியதும் பெரிய கட்சிகள் பக்கிங்ஹாமுக்குத் திரும்பி வந்தன. ஆனால் அங்கே விட்ட சனியன் (நமக்குச் சனியனில் நம்பிக்கையில்லை, பேச்சுக்குச் சொல்லுகிறோம்) சோர்லியைப் பிடித்துக்கொண்டது. புது சபாநாயகர் லிண்ட்சே ஹாயில் 2019-லும் 2024-லும் அந்த மூன்று கட்சிகளின் எதிர்ப்பின்றியே அங்கே ஜெயித்தார்.