ஒரே நாளில் இரண்டு கடல்: வேனுக்கு அட்வான்ஸ் கொடுக்க முன் ஒரு கதை



பெருநாள் லீவு நெருங்கினால் நம்மூர் வட்ஸ்அப் குரூப் எல்லாவற்றிலும் ஒரே மாதிரியான டூர் பிளான் ஒன்று சுற்றத் தொடங்கும். "காலை பாசிக்குடாவில் குளியல், பகல் நிலாவெளியில் குளியல், புறாமலைக்குப் போட், கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டைக்குள் மான், வரும் வழியில் மூதூர் மாமி வீடு, இரவு பத்துக்குக் காத்தான்குடி." கீழே பத்துப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருப்பார்கள். வேனுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று காசும் சேர்ந்துவிடும்.

டூர் போவதை நான் எதிர்க்கவில்லை. வருடம் முழுக்க அடுப்படியிலும் கடையிலும் வகுப்பறையிலும் நிற்கிற சனம் ஒரு நாள் கடலைப் பார்த்துக் கால் நனைக்கத்தான் வேண்டும். ஒரே நாளில் பாசிக்குடாவும் நிலாவெளியும் பார்க்கவும் முடியும். ஆனால் மேலே இருக்கிற அந்தப் பிளானோடு முடியாது. அது ஆளைக் கொல்லக்கூடிய பிளான். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் தூரம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு ஏ-15 வீதியால் சுமார் 130 கிலோமீட்டர். காத்தான்குடியிலிருந்து நிலாவெளிக் கரை வரை போட்டுப் பார்த்தால் 150 வரும். போக வர 300. வேனில் பிள்ளைகளும் வயதானவர்களும் இருந்தால் சராசரியாக மணிக்கு 40, 45க்கு மேல் கணக்குப் போடாதீர்கள். ஆக, ஏழு மணித்தியாலம் ரோட்டில்தான். சுபஹ் தொழுதுவிட்டு ஐந்தேகாலுக்கு வெளிக்கிட்டால் மஃரிபுக்கு இடையில் கிடைப்பது 13 மணித்தியாலம். ஏழைக் கழித்தால் மிச்சம் ஆறு. இரண்டு நேரச் சாப்பாடு, தொழுகை, பாத்ரூம், "ஒரு நிமிஷம் நிற்பாட்டுங்க காக்கா" எல்லாவற்றுக்கும் இரண்டு போனால், கடலுக்கு நாலுதான். இந்த நாலுக்குள் இரண்டு குளியல், ஒரு தீவு, ஒரு வெந்நீர்க் கிணறு, ஒரு மாமி வீடு!

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடக்குறிப்பு எழுதப் பழக்கியது நினைவுக்கு வருகிறது. 40 நிமிடப் பாடவேளைக்கு ஒரு விடயம்தான். மூன்றை வைத்தால் மூன்றும் பிள்ளைக்குப் போய்ச் சேராது. டூரும் அப்படித்தான். கூடுதலாக வைத்தவை எல்லாம் கடைசியில் இரவுக்குத்தான் தள்ளப்படும். அந்த இரவுதான் பிரச்சினை.

வாகரையிலிருந்து வெருகல் தாண்டி சேருநுவரப் பக்கம் வரைக்கும் அந்த ரோட்டில் இரவில் ஓடியவர்களுக்குத் தெரியும். ரோடு நல்ல ரோடு, அதுதான் ஆபத்தும். காப்பெட்டில் வேகம் தானாக ஏறும். தெருவிளக்கு இல்லாத இடங்கள் நிறைய. சூடு இறங்கிய தாரில் மாடுகள் படுத்திருக்கும், பக்கத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும். அந்தப் பகுதிகளில் யானை ரோட்டைக் கடப்பதும் உண்டு. இத்தனைக்கும் நடுவில் சாரதி யார்? விடிய நாலரைக்கு எழும்பி, வெயிலில் ஓடி, நம்மோடு கடலில் குளித்து, நம்மோடு சஹனில் புரியாணி சாப்பிட்ட அதே மனிதர். பின்சீட்டில் நாம் எல்லோரும் நித்திரை. அவர் மட்டும் விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

அதனால் என் முதல் கருத்து இதுதான்: பிளானை வெளிக்கிடும் நேரத்திலிருந்து எழுதாதீர்கள், திரும்பும் நேரத்திலிருந்து எழுதுங்கள். வெருகல் பாலத்தைப் பொழுதுபட முன்னர் நன்றாகவே தாண்டியிருக்க வேண்டும். இதை முதலில் எழுதி, மற்றதையெல்லாம் அதற்குள் அடக்குங்கள்.

இரண்டாவது: தூரத்துக் கடல் முதலில், பக்கத்துக் கடல் கடைசியில். நம்மவர்கள் எப்போதும் தலைகீழாகச் செய்கிறார்கள். பாசிக்குடா வழியில் முதலில் வருகிறதே என்று காலையிலேயே இறங்கி, ஈர உடுப்போடு பத்து மணிக்கு வேனில் ஏறி, வெயில் உச்சியில் நிலாவெளிக்குப் போய்ச் சேர்கிறார்கள். அதை மாற்றுங்கள். எங்கும் இறங்காமல் ஓட்டமாவடி தாண்டி, காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று போனால் ஏழு, ஏழேகாலுக்கு வாகரை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புட்டையோ இடியப்பத்தையோ அங்கே ஒரு மரநிழலில் சாப்பிடலாம். ஒன்பதுக்குப் பிறகு திருகோணமலை, ஒன்பதரைக்கு நிலாவெளி. ஒன்றரை வரை அங்கே. திரும்பும்போது கிண்ணியாவில் ஒரு பிளேன்டீ. நாலரைக்குப் பாசிக்குடா. ஆறு மணி வரை கரையில் இருந்துவிட்டு, மஃரிபை ஓட்டமாவடியில் தொழுதால், வீட்டுக்கு ஒரு மணித்தியால ஓட்டம்தான். அந்தப் பக்கம் ஊரும் வெளிச்சமும் உள்ள ரோடு. இரண்டு கடலும் பார்த்தாயிற்று, ஏழரைக்கு வீட்டுக்கும் வந்தாயிற்று.

தொழுகையை நினைத்துச் சிலர் தயங்குவார்கள். ஷாபி மத்ஹபில் பயணத் தொழுகைக்குச் சொல்லப்படுகிற தூரம் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நிலாவெளிப் பயணம் அதைத் தாண்டுகிறது. லுஹரையும் அஸரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழும் சலுகை இருக்கிறது. விளக்கத்தைப் போக முன்னரே உங்கள் பள்ளி ஆலிமிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் நின்று விவாதிக்க வேண்டாம்.

மூன்றாவது: குளிப்பது ஒரு கடலில் மட்டும். எந்தக் கடல் என்பதை வேனில் இருப்பவர்களைப் பார்த்து முடிவெடுங்கள். சின்னப் பிள்ளைகள் கூட என்றால் பாசிக்குடா. முருகைக்கற்பாறை அலையை மறிப்பதால் வெகுதூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான். பக்கத்தில் இருக்கும் கல்குடாக் கரை அப்படியல்ல, அது திறந்த கடல். "ரெண்டும் ஒன்றுதானே" என்று அங்கே இறங்க வேண்டாம். நீந்தத் தெரிந்த இளைஞர் குழு என்றால் நிலாவெளி. புறாமலைக்குப் போவதாக இருந்தால் அன்றைய நாளின் பிரதான விடயமே அதுதான், வேறொன்றையும் சேர்க்காதீர்கள். அது 2003 முதல் தேசிய பூங்கா. டிக்கெட் எடுக்க வேண்டும். முருகைக்கல்லில் ஏறி நிற்கவும் கூடாது, உடைத்துக்கொண்டு வரவும் கூடாது.

காலமும் முக்கியம். சித்திரை, வைகாசி முதல் புரட்டாதி வரைதான் நம் கிழக்குக் கடல் அமைதி. கார்த்திகை, மார்கழி, தையில் பள்ளிக்கூட லீவு கிடைக்கிறது என்பதற்காகக் கடல் நமக்கு இடம் தராது. அந்த மாதங்களில் மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் ரோட்டுக்கே தண்ணீர் வரும். அமைதியான காலத்திலும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும். கடல் தட்டாகத் தெரியும், அலையே இருக்காது. ஆனால் டியூபில் படுத்திருக்கும் பிள்ளையை அந்தக் காற்று சத்தமில்லாமல் வெளியே தள்ளிக்கொண்டு போகும். கரையில் நிற்கும் மீனவரிடம் "இன்றைக்குக் கடல் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்குக் காசு இல்லை.

பாடசாலைச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் தலை எண்ணுவதைப் பார்த்திருப்பீர்கள். குடும்ப டூரில் அதை யாரும் செய்வதில்லை. "எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றால் யாருமே பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். அரை மணிக்கு இருவர் என்று முறை வைத்து, தண்ணீரில் இறங்காமல், போனைப் பார்க்காமல், கரையில் நிற்க வேண்டும். வேனில் ஒரு நீளக் கயிறும் மூடியுள்ள வெற்றுக் கேனும் இருக்கட்டும். ஒருவர் அள்ளுண்டால் கேனைக் கயிற்றில் கட்டி வீசுங்கள். ஒருவரைக் காப்பாற்ற அடுத்தவர், அவரைக் காப்பாற்ற இன்னொருவர் என்று பாய்ந்துதான் ஒரே வீட்டில் இரண்டு மூன்று ஜனாஸா வருகிறது.

நான்காவது, கொஞ்சம் கசப்பானது. டூர் பிளான் போடும் குரூப்பில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? பெரும்பாலும் ஒருவரும் இல்லை. அதனால்தான் எங்கே பெற்றோல் அடிப்பது என்று பிளானில் இருக்கும், எங்கே பாத்ரூம் போவது என்று இருக்காது. எத்தனையோ உம்மாமார் டூர் நாளில் தண்ணீரே குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டால் சிரித்துக்கொண்டு "தாகமில்லை மகன்" என்பார்கள். ஒவ்வொரு ஒன்றரை மணித்தியாலத்துக்கும் பெண்களுக்கு வசதியுள்ள ஒரு பள்ளிவாசலோ பெற்றோல் நிலையமோ உறவுக்காரர் வீடோ எது என்று முன்கூட்டியே போன் எடுத்துக் கேட்டு எழுதுங்கள். பகல் சாப்பாட்டை நடுச்சாமத்தில் எழும்பிச் சமைப்பதும், கரையில் பரிமாறுவதும், பாத்திரம் கழுவுவதும் பெண்கள், கடலில் நிற்பது ஆண்கள் என்றால், அவர்களுக்கு அது டூர் இல்லை; அடுப்படி 150 கிலோமீட்டர் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கிண்ணியாவிலோ திருகோணமலையிலோ சாப்பாட்டுக்குச் சொல்லிவிடுங்கள். ஆளுக்குக் கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

கடைசியாக இந்த ரோட்டைப் பற்றி. நம் பிள்ளைகளுக்கு இது கூகுள் மேப்பில் ஒரு நீலக் கோடு. வாப்பாமாரைக் கேளுங்கள். யுத்த காலத்தில் திருகோணமலைக்குப் போவதென்றால் பொலன்னறுவை, ஹபரணை சுற்றித்தான். அதற்கு முந்திய காலத்தில் ஒவ்வொரு ஆற்றிலும் பாதைக்காகக் காத்திருக்க வேண்டும். 396 மீட்டர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி நிதியுதவியோடு 2009 இல்தான் திறக்கப்பட்டது. அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில், 2021 நவம்பர் 23 ஆம் திகதி மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் மௌத்தானார்கள். பாலத்தைக் கடக்கும் இரண்டு நிமிடத்தில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு பாலத்தின் பெறுமதி பாடப்புத்தகத்தை விட அங்கே நன்றாக விளங்கும்.

நாம் போகும் வழி வெறும் வழியுமல்ல. 2004 டிசம்பர் 26 அந்தக் கரை முழுவதையும் அடித்தது. 2006 ஆகஸ்டில் மூதூர் முஸ்லிம்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கந்தளாய் நோக்கி நடந்தார்கள். அதே வருடம் நவம்பரில் கதிரவெளியில் பாடசாலையொன்றில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ் மக்கள் மீது ஷெல் விழுந்து பலர் இறந்தார்கள். நமக்கு 1990 ஆகஸ்ட் 3 எப்படியோ, அவர்களுக்கு அந்த நாள் அப்படி. அந்த ஊர்களுக்குள்ளால் காதைப் பிளக்கப் பாட்டுப் போட்டுக்கொண்டு, ஜன்னலால் லஞ்ச் ஷீட்டையும் யோகட் கோப்பையையும் எறிந்துகொண்டு போவது எந்த வகையில் சேர்த்தி? ரோட்டோரத்தில் ஒரு அம்மா சோளனோ வத்தகப்பழமோ தயிர்ச்சட்டியோ வைத்திருந்தால் நிறுத்தி வாங்குங்கள். விலை பேசிக் குறைக்காதீர்கள். ஊர் எது, பிள்ளைகள் எத்தனை என்று இரண்டு வார்த்தை கதையுங்கள். மேடை போட்டுப் பேசுகிற இன நல்லிணக்கத்தை விட அந்த ஐந்து நிமிடம் பெரிது என்று நான் நம்புகிறேன்.

"இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்டு போனால் அது டூரா சேர், பரீட்சையா?" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எழுதாமல் போகிறவர்கள்தான் நாள் முழுக்க "இனி எங்கே, எத்தனை மணிக்கு" என்று சண்டை பிடிக்கிறார்கள். நேரம் கணக்காக இருந்தால் யாரும் யாரையும் விரட்டத் தேவையில்லை. நிலாவெளியில் நாலு மணித்தியாலம் இருந்தால் உம்மா மெல்லக் கால் நனைப்பதற்கும் நேரம் இருக்கும். ஆறு இடத்தில் இறங்கி ஏறினால் கிடைப்பது ஆறு போட்டோ மட்டும்.

கன்னியாவும் மானும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும். மூதூர் மாமி வீட்டுக்கு ஒரு தனி நாள் போங்கள், அவவும் அதைத்தான் விரும்புவா.

வேன்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்க முன் ஒரு தாளை எடுத்து மூன்று விடயம் எழுதுங்கள்: வெருகலைத் திரும்பக் கடக்கும் நேரம், கரையில் காவல் நிற்பவர்களின் பெயர், பெண்கள் இறங்கும் இடங்கள். இந்த மூன்றும் நிரம்பாவிட்டால் அந்தப் பிளான் இன்னும் முடியவில்லை. நிரம்பிவிட்டால், பிஸ்மில்லாஹ் சொல்லி வெளிக்கிடுங்கள். அல்லாஹ் எல்லோரையும் போனபடியே வீடு சேர்ப்பானாக.