செங்கலுக்கு எதிரி யார்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது பழமொழி. பண்டிகை வந்தால் சித்திரத்துக்கும் வர்ணத்துக்கும் தாராளமாகச் செலவு செய்கிறோம். சுவரைத் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

சென்னை உயர் நீதிமன்றம் 1892-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. எழும்பூர் ரெயில் நிலையம் 1908-ம் ஆண்டில் திறக்கப்பட்டது. இரண்டும் செங்கல் கட்டடங்கள். இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஆனால் பத்து ஆண்டுக்கு முன் கட்டிய வீட்டில் சுவர் உதிர்கிறது, மதில் பிளக்கிறது. "செங்கல் சரியில்லை" என்று சூளைக்காரர் மீது பழி போடுகிறார்கள். சில சமயம் அது உண்மையாக இருக்கலாம். பல வீடுகளில் குற்றவாளி வேறு. அது தண்ணீர்!

உப்பு பூப்பது ஏன்?

செங்கல் தண்ணீரை உறிஞ்சும். மண்ணிலும் சாந்திலும் செங்கலிலும் உள்ள உப்பு அந்தத் தண்ணீரில் கரைகிறது. வெயில் அடித்ததும் தண்ணீர் ஆவியாகி விடுகிறது. உப்பு மட்டும் சுவரின் மேல் வெள்ளையாகத் தங்கி விடுகிறது.

இந்த வெள்ளையைக் கண்டதும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது தவறு. உப்பு கரைந்து மறுபடியும் செங்கலுக்குள் போய்விடும். காய்ந்ததும் திரும்பி வரும். வெயில் நாளில், சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, தேங்காய் நாரால் தேய்த்து எடுக்க வேண்டும். உதிர்ந்த தூளைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். இரும்புக் கம்பி பிரஷ் கூடாது. அதன் துகள் செங்கலில் ஒட்டித் துருப் பிடிக்கும்.

அதோடு வேலை முடியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குழாய் கசிகிறதா? மாடித் தண்ணீர் சுவரில் வழிகிறதா? சுவரை ஒட்டி மண் குவிந்து கிடக்கிறதா? அதைச் சரி செய்யாமல் சிமெண்டு பூசி மறைப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போன்றது. ஈரம் உள்ளே தங்கிச் செங்கலை அரித்துவிடும்.

உயிருக்கு ஆபத்து

கிணற்றடியிலும் கொல்லைச் சுவரிலும் பாசி பிடிப்பது உண்டு. அதை நார் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். போகாவிட்டால் பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, பிறகு கழுவலாம்.

ஆசிட்டை ஊற்றுவது தவறு. ஆசிட் பாசியோடு நிற்காது. சுண்ணாம்பையும் சிமெண்டையும் கரைத்துவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒன்றாகச் சேர்ந்தால் குளோரின் என்ற நச்சுக் காற்று கிளம்பும். அது நெஞ்சை அடைக்கும், உயிரையும் பறிக்கும். குளியல் அறை கழுவும்போதும் இல்லத்தரசிகள் இதை மறக்கக் கூடாது.

சிறு செடி, பெரிய வெடிப்பு

பறவை எச்சத்தில் விழும் அரச விதை செங்கல் சந்தில் முளைக்கும். இரண்டு இலை விட்டதுமே வேரோடு பிடுங்கிவிட வேண்டும். மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். வேர் தடித்தால் சுவர் வெடிக்கும்.

சந்தில் சாந்து உதிர்ந்திருந்தால், முக்கால் அங்குல ஆழம் சுரண்டி, தண்ணீர் தெளித்து, புதுச் சாந்து அடைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டடத்துக்குச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. அது ஈரத்தை வெளியே விடும். கெட்டிச் சிமெண்டு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும்.

ஐப்பசிக்கு முன்னால்

2019-ம் ஆண்டு டிசம்பர் 2-ந் தேதி அதிகாலை, மேட்டுப்பாளையம் அருகே நடூரில் அடைமழையில் ஒரு மதில் சரிந்தது. அருகில் இருந்த வீடுகளில் உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் மாண்டனர். அது கல் மதில். மழையில் கல்லே சரியும் என்றால், செங்கல் எம்மாத்திரம்?

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, வீட்டுச் சுவரையும் மதிலையும் சுற்றிப் பார்க்க வேண்டும். சாய்ந்த மதிலைக் கண்டால், குழந்தைகளை அதன் பக்கம் விடாமல், உடனே கொத்தனாரை அழைக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால், அவர்களுக்கும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கரணைச் சாந்தில் முடிகிற வேலை, ஓர் உயிரைக் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.