திகதியைக் கரையில் விட்டுவிட்டுப் போட்டில் ஏறுங்கள்



மூன்று வாரமாக எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் சண்டை. காணிப் பிரச்சினையும் இல்லை, கல்யாணப் பிரச்சினையும் இல்லை. கனடாவில் ஒரு போட் பயணம். ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். வந்த வழியை எழுதி வைத்தால் வெளிநாட்டில் சொந்தங்கள் உள்ள வேறு வீடுகளுக்கும் பயன்படும் என்று நினைக்கிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ராத்தாவும் மச்சானும் ஒன்டாரியோவில் இருக்கிறார்கள். மச்சான் போன வருடம் ஒரு பழைய இஞ்சின் போட் வாங்கினார். 24 அடி நீளம். உள்ளே மூன்று பேர் நெருக்கிப் படுக்கலாம். ஆகஸ்டில் அவருக்கு ஒன்பது நாள் லீவு. மச்சான், ராத்தா, இரண்டு பிள்ளைகள், அவர்களோடு ஆறு மாதத்துக்குப் போய் நிற்கும் எங்கள் உம்மா. உம்மாவுக்கு 68 வயது. நீந்தத் தெரியாது. அதனால்தான் இங்கே இருக்கும் நாங்கள் மூன்று பேரும் அந்தத் திட்டத்துக்குள் தலையைப் போட்டோம். மூவரில் இருவர் ஆசிரியர்கள். திட்டம் என்று யாராவது எழுதினால் சிவப்புப் பேனையை எடுக்காமல் எங்களால் இருக்க முடியாது.

மச்சானின் முதல் திட்டம் இது. ஒன்டாரியோ ஏரிக்கரையில் உள்ள ட்ரென்டனில் போட்டை இறக்குவது. அங்கிருந்து ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் ஏறி, சிம்கோ ஏரியைக் குறுக்கே கடந்து, போர்ட் செவர்னில் இறங்கி, ஜோர்ஜியன் விரிகுடாவின் தீவுகளுக்குள் இரண்டு நாள் சுற்றுவது. ஒன்பதாம் நாள் போட்டை வண்டியில் ஏற்றி வீடு. பத்தாம் நாள் காலை வேலைக்குப் போக வேண்டும்.

"இது ஏரிதானே மச்சான், கடலா?" என்று எழுதியிருந்தார்.

முதலில் இந்த வார்த்தையைப் பார்ப்போம். ஏரி என்றால் நம் மனதில் வருவது கந்தளாய்க் குளம். மிஞ்சிப்போனால் சேனாநாயக்க சமுத்திரம். வட அமெரிக்காவின் பேரேரிகள் வேறு சாதி. சுப்பீரியர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 82,100 சதுர கிலோமீற்றர். முழு இலங்கையும் 65,610. நாட்டைத் தூக்கி உள்ளே வைத்தாலும் சுற்றிவரத் தண்ணீர் மிஞ்சும். மச்சான் போக நினைத்த ஜோர்ஜியன் விரிகுடா, ஹியூரன் ஏரியின் ஒரு கைதான். அதுவே சுமார் 15,000 சதுர கிலோமீற்றர், நம் கிழக்கு மாகாணத்தைப் போல ஒன்றரை மடங்கு.

உப்பில்லாத தண்ணீர் என்பதால் அது சாதுவான தண்ணீர் ஆகிவிடாது. 1975 நவம்பர் 10ஆம் திகதி சுப்பீரியர் ஏரியில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற 222 மீற்றர் நீளமான சரக்குக் கப்பல் புயலில் மூழ்கியது. இருந்த 29 பேரில் ஒருவரும் மீளவில்லை. அது நவம்பர், நமது பயணம் ஆகஸ்ட், அது வேறு ஏரி என்று மச்சான் சொன்னார். சரிதான். ஆனால் 24 அடிப் போட்டுக்குப் புயல் தேவையில்லை. ஏரியின் அலை சமுத்திர அலைபோல நீண்டு புரண்டு வராது. குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். சிறிய போட் ஒன்றிலிருந்து எழும்ப முன்னர் அடுத்தது முகத்தில் அடிக்கும். மதியத்துக்குப் பிறகு காற்று கிளம்பினால் சிம்கோவும் இப்படித்தான் மாறும்.

பிறகு கணக்குக்கு வந்தோம். நீர்வழியின் நீளம் 386 கிலோமீற்றர். ஒடுங்கிய கால்வாய்களில் மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல் ஓட முடியாது. வழியில் 40க்கும் மேற்பட்ட 'லொக்'குகள். லொக் என்பது இரு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டி. போட் உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்குவார்கள். ஒன்றுக்குக் காத்திருப்போடு அரை மணி நேரம் என்று வைத்தோம். 20 மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போய்விடும். மெதுவாக ஓடும் நேரத்தையும் கூட்டினால் 60 மணி நேரத்துக்குக் கிட்ட. ஏழு நாளில் என்றால் தினமும் எட்டரை மணி நேரம். லொக்குகள் பகலில் மட்டும்தான் இயங்கும். மழை, இஞ்சின் கோளாறு, பிள்ளையின் காய்ச்சல், உம்மாவின் முழங்கால் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

செய்ய முடியாதா? முடியும். ஒரு வாரத்தில் இந்த வழியை முடிப்பவர்கள் நிறைய. எங்கள் ஆட்சேபம் தூரத்தில் இல்லை. அந்தத் திட்டத்தில் நிற்பதற்கு ஒரு நாள்கூட இல்லை என்பதில்தான்.

யோசித்துப் பாருங்கள். ஐந்தாம் நாள் காலை சிம்கோவின் கரைக்கு வந்து நிற்கிறார்கள். காற்று வீசுகிறது, வானிலை அறிவித்தல் நல்லதாக இல்லை. அன்று கடக்காவிட்டால் தீவுகள் இல்லை. அதற்கு மறுநாளும் கடக்காவிட்டால் வேலைக்குப் போக முடியாது. அந்த நேரத்தில் போட்டை ஓட்டுவது மச்சான் இல்லை, கலண்டர். "இவ்வளவு தூரம் வந்தாச்சே, மெல்லப் போவோம்" என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். நீரில் நடக்கும் விபத்துகள் பல நீருக்குள் இறங்க முன்னரே, வீட்டு மேசையில், திகதி எழுதும்போதே ஆரம்பித்துவிடுகின்றன என்பது எங்கள் கருத்து.

கல்வியியற் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதப் பழகிய காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் இருந்தார். 40 நிமிடத்தையும் நிமிடத்துக்கு நிமிடம் நிரப்பிக்கொண்டு போய்க் காட்டினால் ஒரே கேள்விதான் கேட்பார்: "புள்ளைக்கு விளங்கல்ல எண்டா என்ன செய்வீங்க?" பதில் இல்லாவிட்டால் குறிப்பைத் திருப்பித் தந்துவிடுவார். மச்சானின் திட்டத்தை நாங்களும் அப்படித்தான் திருப்பி அனுப்பினோம். முதல் இரண்டு நாள் அவர் குழுவில் எதுவும் எழுதவில்லை. பிறகு ராத்தாதான் பேசி இறக்கினார்.

இப்போதைய திட்டத்தைச் சொல்கிறோம். பீட்டர்பரோவில் போட்டை இறக்கி, கவார்த்தா ஏரிகள் வழியாக பால்சம் ஏரி வரை போய், கேர்க்ஃபீல்டைத் தொட்டுத் திரும்புவது. பெரிய திறந்த ஏரி எதையும் கடப்பதில்லை. போக நான்கு நாள், வர மூன்று நாள். மீதி இரண்டு நாளுக்கும் பெயர் இல்லை. காற்றடித்தால் அந்த நாள், சலித்தால் அந்த நாள். லொக் நிலையங்கள் பலவற்றில் இரவு போட்டைக் கட்டவும் கூடாரம் அடிக்கவும் இடம் உண்டு. மச்சானும் மகனும் கரையில் கூடாரத்தில், பெண்கள் போட்டுக்குள்.

இழந்தது என்ன என்பதையும் மறைக்கக் கூடாது. பிக் ஷூட் என்ற இடத்தில் போட்டைத் தண்டவாளத்தில் ஓடும் பெரிய மேடையில் ஏற்றித் தரை மேலாக மறுபக்கம் கொண்டுபோய் இறக்குவார்கள். லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன் மேலே உள்ள ஏரிகளுக்குள் வந்துவிடக் கூடாது என்பதால் அங்கே லொக் கட்டாமல் விட்டிருக்கிறார்கள். மருமகன் அதைப் பார்க்கத்தான் துடித்தான். அது அடுத்த வருடத்துக்கு, இன்ஷா அல்லாஹ்.

ஆனால் கிடைத்ததும் சின்னதல்ல. பீட்டர்பரோவில் 1904இல் திறந்த தூக்கு லொக் இருக்கிறது. தண்ணீர் நிறைந்த இரண்டு பெரிய தொட்டிகள், தராசுத் தட்டுகள் போல. ஒன்று மேலே, ஒன்று கீழே. மேல் தொட்டியில் ஓர் அடி அளவு தண்ணீர் கூடுதலாக விடுவார்கள். அந்தப் பாரத்தில் அது இறங்க, கீழ்த் தொட்டி போட்டோடு சுமார் 20 மீற்றர் மேலே எழும்பும். "பெரிய போட் ஏறினால் அந்தத் தொட்டி பாரம் கூடிவிடாதா?" என்று மருமகன் கேட்டான். கூடாது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடும். தண்ணீர் மட்டம் அதேதான் என்றால் தொட்டியின் எடையும் அதேதான். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்போம்! அந்தப் பிள்ளை அதன்மேல் ஏறி நிற்கப் போகிறான்.

மிதவைகளையும் அவனே படித்துவிட்டான். நீரோட்டத்துக்கு எதிராக ஏறும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம், இறங்கும்போது இடப்பக்கம். கேர்க்ஃபீல்டைத் தாண்டிப் போனால் நீர் மறுதிசையில் இறங்குவதால் எல்லாம் மாறிவிடும். அதை மறந்தவர்களின் போட் பாறையில் ஏறும்.

மற்றவை சுருக்கமாக. பெற்றோலில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இஞ்சினை முடுக்க முன்னர் இஞ்சின் அறையில் தேங்கும் பெற்றோல் ஆவியை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடம் ஓட விட வேண்டும். ஆவி தேங்கினால் ஒரு பொறி போதும். ஓட்டுபவரிடம் அதற்குரிய அட்டை இருக்க வேண்டும். மச்சானிடம் இருக்கிறது.

உயிர்காப்பு அங்கி மட்டும் சுருக்கமாகச் சொல்லக் கூடியதில்லை. ஆளுக்கொன்று, அவரவர் அளவுக்குப் பொருத்தமாக, போட்டில் இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். இருக்கையின் கீழே கிடக்கும் அங்கி யாரையும் காப்பாற்றாது. மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றி 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தார். குளிர்ந்த நீரில் விழுந்தால் மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தப்ப முன்னர் 1 மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் மிதந்துகொண்டிருப்பவருக்குத்தான். விழுந்த பிறகு அங்கியைத் தேடி மாட்டுவது நடக்காத காரியம்.

உம்மா முதலில் சம்மதிக்கவில்லை. வீடியோ அழைப்பில் அந்தச் செம்மஞ்சள் அங்கியைப் பிடித்துக்கொண்டு, "இத்தப் போட்டுக்கிட்டு நான் எப்படி புள்ள இரிக்கிற? வெக்கமாக் கிடக்கு" என்றார். அபாயாவுக்கு மேலே போடலாம், ஒன்றும் தெரியாது என்று ராத்தா சொன்னார். கேட்கவில்லை. நாங்கள் ஒரு சொல்தான் சொன்னோம்: "உம்மா, குறிஞ்சாக்கேணி." பேச்சு நின்றுவிட்டது. போட்டுக்கொள்கிறேன் என்றார்.

கிழக்கில் உள்ளவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. 2021 நவம்பர் 23. பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் கடக்க ஓடிய படகுப்பாதை காலையில் கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் திரும்பி வரவில்லை. எந்த ஊர் ஆசிரியராக இருந்தாலும் அன்றிரவு வகுப்பு இடாப்பு கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும்.

இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று தெரியும். அங்கே விடுமுறைக்குப் போகிறார்கள். இங்கே பிள்ளைகள் படிக்கப் போனார்கள். ஆனால் எங்களை உறுத்துவது அந்த வித்தியாசம்தான். காற்றடித்தால் இன்று வேண்டாம் என்று கரையில் நிற்கும் வசதி மச்சானுக்கு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இருக்கவில்லை. அவர்களுக்காக வேறு யாரோ முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். நிற்க முடிந்தவன் நிற்காமல் ஓடுவது அந்த வசதியை வீணாக்குவது. நிற்க முடியாதவருக்காக யாரும் யோசிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். நம் பாடசாலைச் சுற்றுலாக்களையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். ஒரு நாளில் ஆறு இடம், இரவிரவாக பஸ், நேரம் போய்விட்டது என்று அவசர அவசரமாக ஆற்றில் ஒரு குளிப்பு. அந்தத் திட்டங்களிலும் நிற்க ஒரு நாள் இல்லை.

கடைசியாக இரண்டு ஒழுங்குகள் செய்திருக்கிறோம். ஒன்று, "இன்று வேண்டாம்" என்று போட்டில் யார் சொன்னாலும் அன்று போட் நகராது. ஒன்பது வயது மருமகள் சொன்னாலும்தான். காரணம் கேட்கக் கூடாது. இரண்டு, போகும் வழி, போட்டின் நிறம், ஆட்களின் பெயர், ஒவ்வோர் இரவும் கட்டும் இடம் எல்லாம் எழுதிய தாள் அவர்களின் அயல்வீட்டில் ஒன்று, எங்களிடம் ஒன்று. ஒவ்வொரு நாளும் போட்டைக் கட்டியதும் குழுவில் ஒரு செய்தி போட வேண்டும்.

அங்கே மஃரிப் ஆகும் நேரம் இங்கே ஸுப்ஹு. தொழுதுவிட்டு போனைப் பார்ப்போம். 'கட்டியாச்சு' என்று இருக்க வேண்டும். காலை ஏழு மணி வரை இல்லாவிட்டால் அயல்வீட்டுக்கு அழைப்போம், அவர்கள் அங்கே அவசர உதவிக்கு அழைப்பார்கள்.

எத்தனை கிலோமீற்றர் ஓடினார்கள், எந்த ஏரியைக் கண்டார்கள் என்பதெல்லாம் ஆறுதலாகக் கேட்டுக்கொள்ளலாம். ஒன்பது காலையும் அந்த ஒரு சொல் வந்தால் எங்களுக்குப் போதும். துஆ செய்யுங்கள்.