அடைத்த திடலில் ஏறிய தலைமை

"பெண் பந்தாடலாம், ஓர் அணியை நடத்திச் செல்ல அவளால் இயலுமோ?" என வினவுவார் இன்றும் உளர். அவர்க்கு யாம் சொல்லும் விடை சிறிது. வரலாறு சொல்லும் விடையே பெரிது. 1997 முதல் 2025 வரை ஐரோப்பிய மகளிர் கால்பந்துக் கோப்பைப் போட்டி எட்டு முறை நடந்தது. எட்டு முறையும் வென்ற அணிக்குப் பயிற்றுநர் ஒரு பெண்ணே! செருமனியின் தீனா தொய்னே மும்முறையும், சில்வியா நைடு இருமுறையும், நெதர்லாந்தின் சரினா வீக்குமன் மும்முறையும் அப் பெருமையை எய்தினர்.

இத்துணை ஆற்றல் வாய்ந்த பெண்டிர் முன்னரே தோன்றாமைக்குக் கரணியம் என்ன? ஆற்றலின்மை அன்று, அடைப்பே என்க. 1920 திசம்பர் 26-இல் இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகரில் மகளிர் ஆட்டமொன்றைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டு திசம்பரிலேயே அந்நாட்டுக் கால்பந்துக் கழகம், இவ்வாட்டம் பெண்டிர்க்குப் பொருந்தாதெனக் கூறித் தன் மன்றங்களின் திடல்களை அவர்க்கு அடைத்தது. அவ்வடைப்பு நீங்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆயின. திறமில்லாதாரைத் தடுக்க எவரும் ஆணை பிறப்பிப்பதில்லை. தடை எழுந்ததே பெண்டிரின் திறத்துக்குச் சான்றன்றோ!

வீக்குமன் 1969-இல் நெதர்லாந்தின் தி ஏகு நகரில் பிறந்தவர். அவர் சிறுமியாயிருந்த நாளில் ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகள் கூடி ஆட இசைவில்லை. அவரோ முடியைக் குறுகக் கத்தரித்துக்கொண்டு அவர்களோடு ஆடினார். 1989-இல் அமெரிக்காவின் வடகரோலினாப் பல்கலைக் கழகத்துக்குச் சென்று, மகளிர் ஆட்டம் மதிப்போடு நடத்தப்படுவதைக் கண்டார். நாடு திரும்பி, உடற்பயிற்சி ஆசிரியராகப் பணிபுரிந்துகொண்டே நாட்டணிக்காக ஏறத்தாழ நூறு ஆட்டங்கள் ஆடினார். பின்னர்ப் பயிற்றுநராகி, 2007 முதல் 2014 வரை தம் நகர் மன்றத்தின் மகளிரணியை வளர்த்தார். பெரும்பொறுப்பு அவரைத் தேடி வருமுன் சிறுபொறுப்புகளில் அவர் உழைத்த ஆண்டுகள் பல.

2017 தொடக்கத்தில் நெதர்லாந்து நாட்டணி அவர் கையில் வந்தது. அவ்வாண்டு ஆகட்டிலேயே தென்மார்க்கை 4-2 என வென்று கோப்பையைப் பெற்றது. 2021-இல் அவர் இங்கிலாந்து அணிக்குத் தலைமைப் பயிற்றுநரானார். 2022 சூலை 31-இல், வெம்பிளித் திடலில், 87,192 பேர் கண்முன் இங்கிலாந்து மகளிர் செருமனியை 2-1 என வென்றனர். ஒரு நூற்றாண்டுக்கு முன் திடல்களை அடைத்த அதே நாடு! போட்டியின் ஆறு ஆட்டங்களையும் ஒரே பதினொருவரைக் கொண்டு தொடங்கிய அவர், இடையில் இறக்கிய இருவராலேயே இறுதியாட்டத்தின் இரண்டு இலக்குகளையும் பெற்றார். உறுதியும் உரிய நேரத்து மாற்றமும் ஒருங்கே அமைந்த தலைமை அது. 2025-இல் இசுபெயினை ஒறுப்பு உதைகளில் வென்று மீண்டும் கோப்பையைக் காத்தார்.

உலகக்கோப்பை இறுதியாட்டங்களில் 2019-லும் 2023-லும் அவர் அணிகள் தோற்றதும் உண்மையே. ஆயின், ஓர் ஆணின் தோல்வி அவனது தோல்வியாக மட்டும் எண்ணப்படுகையில், ஒரு பெண்ணின் தோல்வி பெண்ணினத்தின் தோல்வியாக எண்ணப்படுவது ஏன்?

இனி, "இவர் ஆடவர் அணிக்கே பயிற்றுநராகத் தக்கவர்" எனப் புகழ்வாரும் உளர். அப் புகழ்ச்சியில் ஓர் இழிப்பு ஒளிந்துள்ளது. மகளிர் ஆட்டம் கீழ்ப்படி, ஆடவர் ஆட்டம் மேற்படி என்பதே அதன் உட்பொருள். அதனை யாம் ஏலோம்.

2023 உலகக்கோப்பையில் ஆடிய 32 மகளிர் அணிகளுள் பெண்டிர் பயிற்றுவித்தவை 12 மட்டுமே. ஒருவரைப் புகழ்ந்துவிட்டு ஓராயிரவரை வாயிலில் நிறுத்துவது நயன்மையாகாது. ஆடி முடித்த மகளிர்க்குப் பயிற்றுநர் கல்வியும், வாழ்வதற்கேற்ற ஊதியமும், தொடக்கத்தில் சிறிய அணிகளின் பொறுப்பும் கிடைத்தல் வேண்டும். அவை கிடைத்தால் வீக்குமன்கள் பலராவர்.

பந்தைக் கேட்கும் பெண்பிள்ளைக்குப் பந்தைக் கொடுங்கள்; ஆடி அறிந்த பெண்ணுக்கு அணியைக் கொடுங்கள். முடியைக் கத்தரித்துத்தான் திடலுக்குள் நுழையவேண்டும் என்னும் இழிநிலை இனி எந்நாட்டுச் சிறுமிக்கும் வேண்டா!