தோள் வலியா? எம்.ஆர்.ஐ. எடுத்தாச்சா?

எங்க கோட்டைக்குப்பம் பக்கம் தோள் வலின்னு யாராவது சொன்னா, பக்கத்துல இருக்கிறவர் கேட்கிற முதல் கேள்வி இப்பல்லாம் இதுதான். முன்னாடி "புத்தூர் போய் கட்டு போட்டாச்சா?"ன்னு கேட்பாங்க. ரெண்டுலயும் எனக்கு ஒரே வருத்தம்தான். கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி ஒரு டாக்டர் நிதானமா பார்க்கிற வேலை விட்டுப்போகுது.

பழவேற்காடு ஏரி ஆழம் இல்லாதது. கோல் ஊன்றித் தள்ளணும், வலை வீசணும், இழுக்கணும். எல்லாம் தோளுக்கான வேலை. மூட்டைச் சுத்தி நாலு தசை இருக்கு. அதோட நாண்களைத்தான் நம்ம ஊர்ல மொத்தமா 'ஜவ்வு'ன்னு சொல்லிடுறோம். இது எக்ஸ்ரேயில தெரியாது. எலும்பு முறிவும் மூட்டு விலகலும்தான் தெரியும். அதனால விழுந்து அடிபட்டவருக்கு எக்ஸ்ரே முதல்ல அவசியம். ஆனா ஒரே கோணம் போதாது. வலிப்பு வந்தோ கரண்ட் ஷாக் அடிச்சோ மூட்டு பின்பக்கமா விலகியிருந்தா, நேரா எடுத்த படம் சரியா இருக்கிற மாதிரியே ஏமாத்தும்.

ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ.தான் ஒரே வழியா? இல்லவே இல்லை. கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே அல்ட்ராசவுண்ட் போதும், தோளுக்கேத்த ப்ரோப் இருந்தா. முழுசா கிழிஞ்ச நாணைக் கண்டுபிடிக்கிறதுல ரெண்டும் ஏறக்குறைய சமம்னு 2013-ல காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லுது. பாதிக் கிழிசல்னா அல்ட்ராசவுண்ட் கொஞ்சம் கோட்டை விடும், அதையும் சொல்லிடணும். ஆனா செலவு குறைவு, கையை அசைக்கச் சொல்லிக்கிட்டே பார்க்கலாம். பார்க்கிறவருக்குப் பயிற்சி வேணும். சிக்கலே அங்கதான்.

இன்னொண்ணு. எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நம்ம கம்பைலர் வார்னிங் மாதிரி. நூறு வரி வரும், ப்ரோக்ராம் க்ராஷ் ஆனதுக்கு அதுல ஒண்ணு கூடக் காரணமா இருக்காது :-) 1995-ல தோள் வலியே இல்லாத 96 பேருக்கு எடுத்துப் பார்த்தாங்க. 34 சதவீதம் பேருக்குக் கிழிசல். 60 வயசு தாண்டினவங்கள்ல 54 சதவீதம்! 'கிழிசல்'ங்கிற ஒரு வார்த்தையைப் பார்த்துட்டு அறுபது வயசு மீனவர் ஆபரேஷனுக்குக் கடன் தேட ஆரம்பிச்சா, அது படத்தோட தப்பில்லை.

எம்.ஆர்.ஐ. வேண்டாம்னு சொல்லலை மக்களே. நேத்து வரைக்கும் நல்லா இருந்த கை, விழுந்ததும் தூக்கவே முடியலை, எக்ஸ்ரே மட்டும் நார்மல்னா காத்திருக்கக் கூடாது. மாசக்கணக்கா விட்டா தசை சுருங்கி, கொழுப்பு ஏறி, தைச்சாலும் பிடிக்காமப் போகலாம். அங்க ஸ்கேன் உடனே வேணும்.

ஆனா ஸ்கேனுக்குச் சென்னை போகணும்னா ஒரு நாள் போச்சு. எங்க ஊர்ல 'பாடு'ன்னு ஒரு முறை. ஏரியில எந்த இடத்துல யாரு என்னிக்கு வலை கட்டலாம்னு முறை போட்டிருக்கும். அன்னிக்கு ஆஸ்பத்திரியில உட்கார்ந்தா வருமானம் அம்போ. அதனாலதான் தள்ளிப் போடுறாங்க, சோம்பேறித்தனத்துல இல்லை.

அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தூக்கிக்கிட்டு குப்பத்துக்கே வரலாமேன்னு கேட்பீங்க. சிசுவின் பாலினம் பார்க்கிறதைத் தடுக்க வந்த 1994 சட்டப்படி ஒவ்வொரு மெஷினும் பதிவாகணும், நினைச்ச இடத்துக்கெல்லாம் கொண்டு போக முடியாது. அந்தச் சட்டம் தளரவே கூடாது என்பது என் கட்சி. அதுக்குப் பதிலா, 2021-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல வீட்டுக்கே வர்ற பிசியோதெரபிஸ்ட் முதல்ல தோளைச் சோதிக்கட்டும். தேவைப்படுறவங்களுக்கு மட்டும், பொன்னேரி அரசு மருத்துவமனையில வாரம் ஒரு நாள் பயிற்சி பெற்ற ஒருத்தர் தோள் பார்க்கட்டும். பாடு முறை பார்த்து அந்த நாளை வச்சாங்கன்னா, ஒரு வேன் நிறைய ஆளைக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு.